இசோமுரா சென்செயின் முகம்

இசோமுரா தெய்ஜி எங்கள் தொயாமா ஊர்க்காரர். அவருடைய அப்பா மருந்துப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்றவர். மகன் தோக்கியோவில் சங்கீதம் படித்தார். கூடப் படித்த சிசு என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆர்கெஸ்ட்ரா நடத்தக் கற்கப் போகிறேன், இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டு ஜெர்மனிக்கு விமானம் ஏறினார்.

அங்கே ஒரு சின்ன ஊர் ஓபரா அரங்கில், பாடகர்களின் ஒத்திகைக்குப் பியானோ வாசிக்கிற வேலை கிடைத்தது. ஒரு நாள் நடத்தவேண்டிய பெரியவர் காய்ச்சலில் விழ, ஒத்திகை பார்க்காமலே அன்றைய நிகழ்ச்சியை இவர் நடத்தினார். அதன் பிறகு ஏறுமுகம்தான். ஊரில் ‘நம்ம மருந்துக்காரர் பையன்’ என்று பெருமை பேசினார்கள். ஆனால் ஊர்ப் பக்கம் மட்டும் அவர் தலைகாட்டவில்லை.

வயதான பிறகு ஒரு நாள் எங்கள் தொயாமா ஆர்கெஸ்ட்ராவுக்குத் தானாகவே போன் செய்து, "உங்க குழுவை ஒரு தடவை நடத்தட்டுமா?" என்று கேட்டார். யாரோ விளையாடுகிறார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் போனை வைத்துவிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார். வந்ததும் அவரை ‘சென்செய்’, அதாவது ஆசான், என்று அழைத்தோம்.

அந்தக் குழுவில் செல்லோ என்னும் பெரிய தந்தி வாத்தியம் வாசிப்பவர்களுக்கு நான்தான் தலைவன். ஒத்திகையின் முதல் நாளே எனக்கு எரிச்சல். மனிதர் வயலின்களைப் பார்க்கிறார், கொம்புகளைப் பார்க்கிறார், கடைசியில் நிற்கும் முரசுக்காரரைக்கூடப் பார்த்துச் சிரிக்கிறார். எங்கள் பக்கம் மட்டும் கண்ணைத் திருப்பவே இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"சென்செய், நாங்களும் இங்கதான் உக்காந்திருக்கோம். எங்களுக்கும் ஒரு கை காட்டினீங்கன்னா புண்ணியமாப் போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மன்னிச்சுக்குங்க, தொகுரா. அந்தப் பக்கம் வெளிச்சம் கண்ணைக் கூசுது."

எங்கள் பக்கம் கூசும்படி விளக்கே கிடையாது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஹொரிதா சாயோ, சுருதி சரியாகவே இருந்த தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

மதியம் கேன்டீனில் அவள் தன் ஊதோன் நூடுல்ஸ் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அவர் எங்க அப்பா, தொகுரா சார்."

நான் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தேன். ஹொரிதா அவளுடைய அம்மாவின் குடும்பப் பெயர். அதனால் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் வந்திருக்காரு. எனக்கு நாலு வயசு இருக்கும்போது போனவரு. ஏர்போர்ட்ல முதுகைப் பாத்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் டிவியில பாத்தேன். அங்கயும் சபைக்கு முதுகைக் காட்டித்தான் நிப்பாரு. கேமராக்காரன் திருப்புறதுக்குள்ள பாட்டே முடிஞ்சிரும்." கொஞ்சம் சிரித்தாள். "அம்மா பியானோ சொல்லிக்குடுத்தாங்க. பியானோ வாசிச்சா ஆர்கெஸ்ட்ராவுக்குள்ள உக்கார இடம் கிடைக்காதுன்னு செல்லோவுக்கு மாறினேன். உள்ள உக்காந்தாத்தான அவரு முகம் தெரியும்."

"இப்பத் தெரியுதே?"

"எங்க சார்? அவருதான் திரும்பவே மாட்டேங்குறாரே."

கச்சேரியன்று என் பக்கத்து இருக்கைக்காரரிடம் கெஞ்சி, சாயோவை முதல் வரிசையில் என்னருகே உட்கார வைத்தேன். மெதுவான இரண்டாம் பகுதி, செல்லோக்கள் மட்டும் தனியாகத் தொடங்கவேண்டியது. அவர் கைகளைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். அரங்கில் யாரோ இருமினார்கள். அப்புறம் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். உதடு லேசாகத் திறந்திருந்தது; கையிலிருந்த கோல் அசையவே இல்லை. வேறு வழியில்லாமல் நான் மூச்சை இழுத்துத் தலையசைத்தேன். எல்லோரும் அதில் தொடங்கினோம். சாயோ ஸ்வரத் தாளைப் பார்க்கவில்லை. அந்தப் பகுதி முழுக்க அவர் முகத்தையே பார்த்து வாசித்தாள்.

கச்சேரி முடிந்ததும் "நீங்களும் வாங்க, தனியாப் போக முடியாது" என்று என்னையும் அவர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர் எழுந்து நின்றார்.

"அம்மா சௌக்கியமா?"

"சௌக்கியம். டிக்கெட் குடுத்தேன். வரலை."

"ரெண்டு வருஷம்னு சொல்லித்தான் போனேன், சாயோ. மனசார அப்படித்தான் நெனச்சேன்."

"தெரியும். ரெண்டு வருஷமும் அம்மா உங்க செருப்பை வாசல்லயே வச்சிருந்தாங்க."

"அப்புறம்?"

"எனக்குக் கால் வளந்துச்சு. என் செருப்பு வைக்க இடம் வேணுமில்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சாயோ அவருடைய கோட்டை ஆணியிலிருந்து எடுத்து, பின்னால் நின்று போட்டுவிட்டாள். காலரைச் சரிசெய்தாள். கை அவர் தோளில் கொஞ்சம் தங்கியது.

"ரயிலுக்கு நேரமாச்சு, சென்செய்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வந்தார். எங்கள் பக்கம் பார்த்துப் பார்த்தே நடத்தினார், வயலின்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஒத்திகை முடிந்து இருவரும் ஆற்றங்கரை வழியே நடந்துபோவதை டிராமிலிருந்து பார்த்திருக்கிறேன். அவள் கடைசிவரை சென்செய் என்றேதான் கூப்பிட்டாள். ‘அப்பா’ என்ற ஒரு சொல்லுக்காகவே அவர் காத்திருந்தார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வருஷம் அவர் வரவில்லை. படுக்கையில் இருப்பதாகத் தகவல் வந்தது. பனிக்காலத்தில் சாயோ விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனாள். அவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத்தான் திரும்பினாள்.

ஒத்திகைக்கு முன்னால் பெட்டியைத் திறந்து செல்லோவை எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்பான்னு கூப்பிட்டியாம்மா?"

"கூப்பிட்டேன் சார். தூங்கிட்டிருந்தாரு."

"முழிச்சப்புறம்?"

வில்லின் மயிரை இறுக்கினாள். "முழிச்சதும் என்னைப் பாத்தாரு. என் வாயில சென்செய்னுதான் வந்துச்சு."