வீட்டுக்கு வைத்துக்கொண்ட குரல்

"எப்படி இருந்துச்சு?" என்று ஓட்டோரினோ கேட்டார்.

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காதே. என் குரல்."

"உன் முகத்துக்கு ரெமீஜோ குரல்தான் எடுப்பா இருக்கு."

"அப்போ என்னோடது?"

"அது வீட்டுக்கு இருக்கட்டும். எனக்கு."

டிராமில் கம்பியைப் பிடித்தபடி நின்று பேசிய பேச்சு. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது, அவருக்கு இருபத்தெட்டு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு நடந்தோம். அந்தச் சிரிப்பை நம்பி ஐம்பத்தைந்து வருடம் ஓட்டிவிட்டேன்.

அந்த நாட்களில் எங்கள் இத்தாலிய சினிமாவில், படப்பிடிப்பில் பேசியது எதுவும் படத்தில் வராது. கேமராவுக்குப் பின்னால் தச்சர்கள் ஆணி அடித்துக்கொண்டிருப்பார்கள். காட்சி நடக்கும்போதே இயக்குநர் "இடது பக்கம் திரும்பு, அழு, இன்னும் அழு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். குரலை எல்லாம் பிறகு டப்பிங் தியேட்டரில்தான் சேர்ப்போம். நடித்தவரே பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. உதட்டசைவும் வார்த்தையும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

ஓட்டோரினோ கியோஜ்ஜா என்ற கடலோர ஊர்க்காரர். அந்த ஊர் மீனவர்கள் பேசினால், வாக்கியம் அலைமேல் போகும் படகு மாதிரி ஏறி இறங்கும். முகமோ பிரபு வீட்டு முகம். முதல் படத்தில் அவருக்கு ஒரு பிரபு வேடம். அவரைப் பேசவைத்துப் பார்த்த இயக்குநர் என் பக்கம் திரும்பி, "நேரீனா, நீ சொல்லு, யார் குரல் வைக்கலாம்?" என்று கேட்டார். ரெமீஜோ என்று சொன்னது நான்தான். அன்று திரும்பும்போதுதான் டிராமில் அந்தப் பேச்சு.

ரெமீஜோ சல்வூச்சி. ஒல்லியான, வழுக்கைத் தலை மனிதர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆறடி உயர அரசகுமாரன் பேசுவது போல இருக்கும். அன்றிலிருந்து நாற்பத்தாறு படங்கள். நீதிபதி, அறுவை மருத்துவர், கர்தினால், மனைவியைச் சந்தேகிக்கும் கோடீஸ்வரன். எல்லாம் ஓட்டோரினோவின் முகம், ரெமீஜோவின் குரல். அந்த வழக்கம் மாறி, நடிகர்கள் தாங்களே பேச ஆரம்பித்த பிறகும் ஓட்டோரினோ விஷயத்தில் மட்டும் மாறவில்லை. ஜனங்களுக்குப் பழகிவிட்டது என்றார்கள்.

பழகித்தான் போயிருந்தது. ஒருமுறை நெடுஞ்சாலையில் காரை வேகமாக ஓட்டியதற்கு ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். "ஐயா, நான் நடிகர் ஓட்டோரினோ வரன்யோலோ" என்றார் இவர். போலீஸ்காரர் இவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "முகம் என்னமோ ஒத்துப்போகுது. ஆனா அவர் குரல் எனக்குத் தெரியாதா? ஏமாத்தறதுக்கு வேற ஆளைப் பாரு" என்று அபராதம் எழுதிக் கொடுத்தார். எங்கள் மகள் ஃபோஸ்கா நான்கு வயதில் தொலைக்காட்சியைக் காட்டி, "அப்பா வயித்துக்குள்ள ரெமீஜோ மாமா ஒளிஞ்சிருக்காரு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்திருந்த ரெமீஜோ, மேசைக்கடியில் புகுந்துகொண்டு அவளைப் படத்துக் குரலிலேயே கூப்பிட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஓட்டோரினோ ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

நாளாக ஆக அவர் வெளியில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். உணவகத்தில் பட்டியலை விரலால் காட்டுவார். ரசிகர்களைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். ரொம்ப கௌரவமான மனிதர் என்று பத்திரிகையில் எழுதினார்கள். வீட்டுக்கு வந்தால் என்னிடம் மட்டும் பேசுவார். நான் சொன்னபடியே.

போன வசந்தத்தில் மிக்கோல் என்ற பெண் இயக்குநர் வீடு தேடி வந்தாள். கடலுக்குப் போன தம்பி இனி வரமாட்டான் என்பதை நம்பாத ஒரு கிழட்டு மீனவனின் கதை. இவருக்கு எண்பத்துமூன்று முடிந்திருந்தது, முட்டி இரண்டும் போயிருந்தன. "இதுதான் கடைசி. இதுக்கு மேல உடம்பு தாங்காது" என்று சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டார். இப்போதெல்லாம் பேசுவது அங்கேயே பதிவாகிவிடும். இந்த ஒரு படத்திலாவது இவர் குரல் வரும் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். வாய் திறந்து சொல்லவில்லை.

கடற்கரையில் எடுத்த எல்லாக் காட்சியிலும் காற்று புகுந்து ஒலி கெட்டுப்போயிற்று. திரும்ப டப்பிங்தான் என்றார்கள். தயாரிப்பாளர் அன்செல்மி தொலைபேசியில் கூப்பிட்டார். "ரெமீஜோவையே கூப்பிட்டுட்டேன் சார். உங்களுக்கு எதுக்குச் சிரமம்? ஜனங்களும் அந்தக் குரலைத்தானே எதிர்பார்ப்பாங்க."

"சரி" என்றார் ஓட்டோரினோ. தொலைபேசியை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"சரின்னுட்டியா?" என்று கேட்டேன்.

"வேற என்ன சொல்றது? எனக்குக் களைப்பா இருக்கு நேரீனா."

உதட்டசைவு பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு டப்பிங் தியேட்டருக்குப் போனோம். இத்தனை வருடத்தில் ரெமீஜோ பேசும்போது இவர் ஒருநாளும் தியேட்டருக்குள் வந்ததில்லை. என்னை வாசலில் விட்டுவிட்டுக் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்துவிடுவார். அன்று அந்தக் கடையில் பழைய நாற்காலிகளை எடுத்துவிட்டு, சாய்மானம் இல்லாத உயர முக்காலிகள் போட்டிருந்தார்கள். அதில் ஏற இவரால் முடியவில்லை. "மேலேயே வந்துடறேன். சோபா இருக்குமில்ல?" என்றார்.

இருந்தது. கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ரெமீஜோ ஏற்கெனவே மைக்கின் முன் நின்று, புதினா மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தார். எண்பத்தாறு வயதிலும் அவர் உட்கார்ந்து பேசமாட்டார்.

"என்னடா கிழவா, வழி தெரியாம வந்துட்டியா?" என்றார்.

"உன்னை வேவு பாக்க வந்தேன்."

"பாரு, பாரு. நீ செத்தப்புறமும் நான் பேசிக்கிட்டிருப்பேன்."

விளக்கு அணைந்தது. திரையில் ஓட்டோரினோ படகுத்துறையில் நின்று, தண்ணீரைப் பார்த்துத் தம்பியைக் கூப்பிடுகிறார். ஒரே வரிதான். பெப்பி, வாடா, மீன் குழம்பு ஆறிப்போகுது.

ரெமீஜோ பேசினார். அழகான, மணி போன்ற குரல். அப்படி ஒரு குரலில் யாரும் தம்பியைச் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள். விருந்துக்கு வந்த மந்திரியை அழைப்பது போல இருந்தது.

"பிரமாதம்" என்றார் அன்செல்மி.

மிக்கோல் நகத்தைக் கடித்தாள். "இன்னொரு தடவை பாக்கலாமா, ரெமீஜோ சார்?"

இரண்டாவது தடவை, மூன்றாவது, ஏழாவது. உதடு பொருந்தியது, மூச்சு பொருந்தியது. என் பழைய வேலைக் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் திரையில் நின்ற மனிதரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ரெமீஜோவுக்கும் புரிந்திருக்க வேண்டும். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஓட்டோ, உங்க ஊர்ல எப்படிடா கூப்பிடுவாங்க?"

ஓட்டோரினோ உட்கார்ந்த இடத்திலிருந்தே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "பெப்பீ... வாடா... மீன் குழம்பு ஆறிப்போகுது" என்றார். தொண்டையில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு கரகரத்துப்போன குரல். வீட்டில் என்னையும் ஃபோஸ்காவையும் சாப்பிடக் கூப்பிடும் அதே ஏற்ற இறக்கம்.

ஒலிப்பதிவாளர் பொத்தான் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. மிக்கோல் நகம் கடிப்பதை நிறுத்தினாள். அன்செல்மி மட்டும், "பாத்தீங்களா ரெமீஜோ சார், அந்த மாதிரி கொஞ்சம் சேத்துக்கங்க" என்றார்.

ரெமீஜோ கண்ணாடியைத் துடைத்தார். "சரி, பாக்கறேன்."

அவரே பேசட்டும், அன்றைக்குத் தப்பாகச் சொன்னவள் நான்தான் என்று எழுந்து சொல்ல வேண்டும் போல இருந்தது. எழப்போனேன். ஓட்டோரினோவின் கை என் முழங்கைமேல் இருந்தது. இவருக்காக ஒருவர் பேசியது போதாதா, இப்போது நானும் பேச வேண்டுமா என்று தோன்றியது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"முடியலையா? வீட்டுக்குப் போலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். முட்டி சொடக்கிட்டது. ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி வரிசை வரிசையாக இறங்கினார். அவர் மைக் பக்கம் போய்ச் சேர்ந்தார். ரெமீஜோ தன் மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். இவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"ரெமீஜோ" என்றார்.

"சொல்லுடா."

அவர் திரும்பி, கடைசி வரிசையில் இருந்த என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்.

"இந்த ஒரு படத்துல நானே பேசிக்கட்டுமா?"