பிச்சுமணி, விசாகம், நூற்றியொரு வெடி

கரமனைத் தெருவில் பிச்சுமணிக்குப் பயந்தாங்கொள்ளி என்றுதான் பேர். தீபாவளியன்று பூஜையறைக் கதவைச் சாத்திக்கொண்டு காதில் பஞ்சோடு உட்கார்ந்திருக்கும் மனுஷரை வேறு எப்படிச் சொல்வார்கள்? காதுவலி என்று அவர் மனைவி சீதாலக்ஷ்மி வருஷாவருஷம் பொய் சொன்னாள். பண்டிகை பார்த்து வரும் காதுவலி என்று தெரு சிரித்தது. பட்டாளத்தில் இருந்தபோதும் சமையல்காரராகத்தான் இருந்திருப்பார் என்றுகூடப் பேச்சு உண்டு. அவர் எதையும் மறுத்ததில்லை.

கார்கில் சண்டை நடந்த வருஷம் காற்று மாறியது. நிதி திரட்டும் கூட்டத்துக்கு வந்த பழைய கர்னல் ஒருவர், எழுபத்தொன்று யுத்தத்தில் ரயில் பாலத்தடியில் வெடிக்காமல் கிடந்த குண்டுகளைச் செயலிழக்க வைத்தவர் இந்தத் தெருக்காரர்தான் என்று மேடையில் சொல்லிவிட்டுப் போனார். சீதாலக்ஷ்மிக்குத் தரையில் கால் பாவவில்லை.

தெருச் சங்கத் தலைவர் அழகியநம்பிக்கு ஆரியசாலையில் மிளகாய் மொத்த வியாபாரம். பாராட்டு விழாவுக்கு நாள் குறித்துவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாமி, சாமிக்க நட்சத்திரம் என்னவாக்கும்?"

கணவர் பேரில் அர்ச்சனைக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து, விசாகம் என்றாள் பூரிப்போடு.

கோயில் வாசலில் மேடை. பிச்சுமணிக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தபோது கோயில் ஒலிபெருக்கி மலையாளத்தில் அறிவித்தது: பிச்சுமணி, விசாகம், நூற்றியொரு வெடி வழிபாடு. நட்சத்திரம் கேட்டது அர்ச்சனைக்கல்ல, அவர் பேரில் கோயிலில் வெடி போடும் நேர்ச்சைக்கு என்று சீதாலக்ஷ்மிக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து ஓடுவதற்குள் முதல் வெடி வெடித்துவிட்டது.

பிச்சுமணி அழகியநம்பியையும் இழுத்துக்கொண்டு மேஜைக்கடியில் விழுந்தார். அவள் தவழ்ந்து போய் அவர் கையைப் பிடித்தாள்.

"யோசுவா வெளியிலே வந்துட்டானா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவள் கேட்டதே இல்லை. அந்தப் பாலத்தடியிலிருந்து வராமல் போனவன் ஒருவன் இருந்திருக்கிறான் என்று மட்டும் தெரிந்தது. காதுவலி என்று மூடி மறைத்தபோதெல்லாம் அவளும் இவரை நினைத்து வெட்கப்பட்டுத்தானே மறைத்தாள்?

அதற்குள் அழகியநம்பி, விட்டு விட்டு வெடித்துக்கொண்டிருந்த வெடிகளுக்கு நடுவே, வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார். சத்தம் கேட்டதும் தன் உயிரைக்கூட நினைக்காமல் தலைவரைக் காப்பாற்றினாரே, அதுதான் பட்டாளம் என்றார். அடுத்த வருஷம் ஆயிரத்தொரு வெடி என்று அறிவித்தார். கைதட்டல் ஓயவில்லை. அவள் ஏங்கிக்கிடந்ததும் இந்தக் கைதட்டலுக்குத்தான். வெளியே வந்து ஒலிவாங்கியை வாங்கினாள்.

"இவருக்கு வெடின்னா பயம். காதுவலி ஒண்ணும் இல்லை, நான்தான் பொய் சொன்னேன். இனிமே இவர் பேர்ல வெடி போட வேண்டாம், கேட்டேளா."

கூட்டம் அசந்து போயிற்று. வீரர் வீட்டு அடக்கத்தைப் பாருங்கள் என்று அழகியநம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள்.

சீதாலக்ஷ்மி மறுபடி மேஜைக்கடியில் புகுந்து, இரண்டு கைகளாலும் அவர் காதுகளைப் பொத்தினாள். நேர்ந்துகொண்ட வழிபாட்டைப் பாதியில் நிறுத்தக் கூடாதாம். வெளியே இன்னும் முக்கால்வாசி வெடி பாக்கியிருந்தது.