நூறு இழையில் எத்தனை சிவப்பு

வீரபத்திரனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். எதற்கு மறைக்க வேண்டும்? நான் சரித்திர வாத்தியார். அவன் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன், எட்டாவதோடு நின்றவன். ஆனால் எங்கள் படிப்பகத்தில் மாதக் கூட்டம் நடந்தால் கைத்தட்டல் அவனுக்குத்தான்.

அதையும் நான் பதினோரு வருஷமாகத் தெருவில் நடந்துகொண்டேதான் கேட்டிருக்கிறேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது எங்கள் சமண வழக்கம். அதனால் முதலில் பேசிவிட்டுத் திருப்பருத்திக்குன்றத்தில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். அவன் பேச்சை ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம். பாகிஸ்தான் போரின் சூடு இன்னும் ஆறவில்லை. “எந்த நாடு படைக்கு எப்படிச் செலவழிக்கிறது” என்று தலைப்புக் கொடுத்தார் செயலாளர் பூவராகவன். நன்றாகப் பேசுகிறவருக்கே ஆண்டு விழாவில் சிறப்புரை என்றும் சொல்லிவிட்டார். வருஷா வருஷம் அது என்னுடையது. விடுவேனா? நாடுவாரியாகக் கணக்குப் போட்ட புத்தகம் நூலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அன்றைக்கே அதை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மறுவாரம் வீரபத்திரன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். நகமெல்லாம் சிவப்புச் சாயம்.

“சார், அந்தப் புக்கு உங்ககிட்ட இருக்குதாமே. ஒரு நாள் குடுத்தீங்கன்னா பாத்துட்டுத் தந்துடுவேன்.”

“நேத்தே திருப்பிட்டேனேப்பா” என்றேன். புத்தகம் என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது.

கூட்டத்தன்று கரும்பலகை நிறையக் கோடிகளை எழுதினேன். பாகிஸ்தானைவிட நாம்தான் அதிகம் செலவழிக்கிறோம் என்று முடித்தேன். நாலைந்து பேர் கொட்டாவி விட்டார்கள். செருப்பை மாட்டினேன். புத்தகம் இல்லாமல் இவன் என்னதான் உளறுவான்? அதைப் பார்க்கும் ஆசை என்னை விடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அவன் நாலு கொத்துப் பட்டு நூலைச் சுவரில் மாட்டினான்.

“ஒவ்வொண்ணுலயும் நூறு இழை இருக்குது. ஒரு நாட்டோட வருஷ சம்பாத்தியம்னு வச்சுக்குங்க. படைக்குப் போறது செகப்பு. இது அமெரிக்கா, ஏழு. இது நம்மள்து, மூணு. சார் சொன்னாப்ல ரூபாயாப் பாத்தா பாகிஸ்தான்காரன விட நாமதான் ஜாஸ்தி. ஆனா அவன் நூல எண்ணிப் பாருங்க.”

முன்வரிசைக்காரர்கள் எழுந்துபோய் எண்ணினார்கள். ஆறு.

“சம்பாரிக்கிறதே கொஞ்சம். அதுல ஆறு போச்சுன்னா வூட்டுல என்னாபா மிஞ்சும்?” கடைசிக் கொத்தில் சிவப்பே இல்லை. “இது கோஸ்டாரிக்கான்னு ஒரு சின்ன நாடு. பட்டாளமே வேணாம்னு கலச்சுட்டாங்க.”

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? அந்த நூலைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. எழுந்துபோய் எண்ணிப் பார்க்கவும் ஆசையாக இருந்தது.

“கணக்கெல்லாம் மல்லிநாதன் சாரு குடுத்த புக்குல இருந்து எடுத்தது” என்றான் வீரபத்திரன். “எனக்காவ லைப்ரரில மறுபடி எடுத்தாந்து வூட்டுல வச்சிருந்தாரு.”

கூட்டம் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டியது. அப்படி ஒரு கைத்தட்டல் எனக்கு விழுந்ததே இல்லை. சிறப்புரை வீரபத்திரனுக்கு என்று பூவராகவன் அறிவித்தார். அவன் நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

“பொழுது போயிடுச்சே சார். என் பேச்சக் கேக்கறதுக்கா சாப்பாட்ட வுட்டீங்க?” அவன் கண் கலங்கியிருந்தது. நான் தலையாட்டினேன்.

வீட்டில் என் மனைவி தயாவதி சமையலறையைச் சாத்தியிருந்தாள்.

“புத்தகத்தை ஏன் குடுத்தே?”

“சார் திருப்பிட்டேன்னாரு, லைப்ரரில புக்கு இல்லியேம்மான்னு வந்து நின்னாரு. என் புருஷன் பொய் சொல்லிட்டாருன்னு நான் எப்படிச் சொல்றது? அதான், உங்களுக்காவத்தான் மறுபடி எடுத்து வச்சிருக்காருன்னு குடுத்தேன்.” ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட அவள் நீட்டவில்லை. விளக்கு வைத்தாகிவிட்டதே. “எப்படிப் பேசினாரு?”

சுமார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“என்னைவிட நல்லா” என்றேன். அதைச் சொல்ல எனக்குப் பதினோரு வருஷமும் ஒரு வேளைச் சோறும் ஆனது.