அரை ஸ்பூன் உப்பு

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமும் அவர் உருளைக்கிழங்கைக் கண்ணால் அளந்துதான் வெட்டினார். கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். ஒவ்வொரு துண்டும் சுண்டுவிரல் கனம், ஒரு இழை கூடாது, குறையாது. வெட்டியதைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, பழைய துண்டில் பரப்பி ஒற்றி எடுத்தார்.

"பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டுற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

"ஈரம் இருந்தா வெந்துதான் போகும், முறுகாது. உனக்கென்ன மகராசி, பசிச்சா ரெண்டு பேப்பரைத் தின்னுட்டுப் படுத்துக்குவே."

அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் அவள். வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது.

எண்ணெயும் மிளகாய்த்தூளும் பூண்டுத்தூளும் மிளகுத்தூளும் போட்டுப் பிரட்டி, ஒன்றோடொன்று உரசாமல் தட்டில் பரப்பி ஓவனுக்குள் தள்ளினார். உப்பு மட்டும் கடைசியில். முன்னாலேயே போட்டால் கிழங்கு தண்ணீர் விட்டுவிடும் என்பது அவர் கட்சி. வெந்து சிவந்ததைச் சுடச்சுடப் பாத்திரத்தில் கொட்டி, அரை ஸ்பூன் உப்பைத் தூவிக் குலுக்குவார். பிறகு தட்டைக் கழுவத் தொட்டிப் பக்கம் திரும்புவார். அதற்குள் அவள் இன்னொரு அரை ஸ்பூனைப் போட்டு, சத்தம் வராமல் குலுக்கிவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல் நிற்பாள். மனிதருக்கு நாக்கு செத்துவிட்டது, சொன்னால் ரோஷம் வரும் என்று பத்து வருஷமாக இதே திருட்டு. "எப்படி என் கைப்பக்குவம்?" என்று அவர் மார்தட்டும்போது தாயும் மகளும் தலையை நிமிர்த்தாமல் தின்பார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. திங்கட்கிழமை காலையில், கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு மகள் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. பதினாலு வயது. தட்டை வாங்கிக்கொண்டு அறைக்குள் போவாள். முக்கால்வாசி அப்படியே திரும்பி வரும். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கெஞ்சியும் பார்த்தாயிற்று, அதட்டியும் பார்த்தாயிற்று.

ஏழாவது வாரம், சனிக்கிழமை, மகள் சமையலறைக் கதவருகே வந்து நின்றாள். "அம்மா, அப்பா பண்ற மாதிரி உருளைக்கிழங்கு பண்றியா?"

தாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இது சரியாக வந்தால் பிள்ளை மேசையில் உட்காருவாள். பிசகினால் இனி வாய்திறந்து எதையும் கேட்கமாட்டாள்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் அவர் எழுதி ஒட்டிய தாள் இருந்தது. கடைசி வரியில் 'உப்பு ஒரு ஸ்பூன்' என்று எழுதி, 'ஒரு'வை அடித்து, மேலே 'அரை' என்று போட்டிருந்தார். ரத்தக் கொதிப்புக்குப் பயந்து குறைத்திருப்பார் என்று எப்போதோ நினைத்ததோடு சரி. இன்றைக்கு இதில் உள்ளது உள்ளபடி. தன் சரக்கு எதையும் சேர்ப்பதில்லை.

இருபது நிமிஷம் கழித்துப் புரட்டிவிட்டாள். இன்னும் பதினைந்து நிமிஷம். ஓரங்கள் சிவந்து நன்றாகவே வந்தது. அரை ஸ்பூன் உப்பைத் தூவிக் குலுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

மகள் வந்து, நின்றபடியே ஒன்றைக் கடித்தாள். மொறுக்கென்ற சத்தம் கேட்டது. மீதியைத் திரும்ப வைத்துவிட்டாள்.

"இது அப்பாவோடது இல்லம்மா."

"அவர் எழுதினபடிதானேடி செஞ்சேன்? ஒரு எழுத்துகூட மாத்தலையே!"

"உப்பு பத்தலை. நீ போடறதை நீ போடலையா?"

"நான் போடறதா?"

"அதாம்மா, அப்பா தட்டு கழுவுறப்ப போடுவியே."

தாய்க்கு முகம் சூடாகிவிட்டது. "உனக்கு யார் சொன்னா?"

"அப்பாதான். முதல் தடவை அரை ஸ்பூன்தான் போட்டாராம். நீ திருட்டுத்தனமாச் சேர்த்ததுலதான் ருசியே வந்ததாம். அடுத்த வாரம் ஒரு ஸ்பூன்னு எழுதி ஒட்டிட்டுத் திரும்பினா, நீ ஸ்பூனும் கையுமா நிக்கிறியாம். உடனே அடிச்சு அரைன்னு மாத்திட்டாராம். 'உங்கம்மாகிட்ட சொல்லிடாதே, திருத்த ஒண்ணும் இல்லேன்னா அவளுக்கு மூஞ்சி வாடிடும்'னார். பின்ன, அந்தத் தட்டை எதுக்கு அவ்வளவு நேரம் தேய்ப்பாருங்கறே?"

தாய் உப்பு டப்பாவைத் திறந்தாள். அரை ஸ்பூன். பாத்திரத்தை வயிற்றோடு அணைத்து மெல்லக் குலுக்கினாள்.

"சத்தமாவே குலுக்கும்மா" என்றாள் மகள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாத்திரத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

மறுநாள் அச்சகத்துத் தாள்களில் பிழை பார்த்துக்கொண்டிருந்தவள், சிவப்புப் பேனாவும் கையுமாக எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். அவர் அடித்திருந்த 'ஒரு'வைப் பார்த்தாள். பேனாவை மூடினாள்.

தாளில் உப்பு இன்னமும் அரை ஸ்பூன்தான்.