நடைபாதையில் ஒரு மேசை

நகராட்சி ஆய்வாளராக வேலை பார்த்தவளின் சொந்தத் தாய்மாமாவே தன் தையல் கடை முன் நடைபாதையை அடைத்து மேசை போட்டிருந்தார். அவள் நோட்டீஸை நீட்டியதும் மாமா சிரித்தார்.

"என்னைப் பிடிச்சு உள்ள வைப்பியா?"

"நான் போலீஸ் இல்ல மாமா, கைது பண்ண முடியாது. ஏழு நாள்ல நீங்க எடுக்கலைன்னா மேசையைத் தூக்கிட்டுப் போகலாம், அவ்வளவுதான்."

எட்டாம் நாள் காலை அவள் வண்டியோடு போனபோது, மாமா மேசைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்பத் தூக்கு, பார்ப்போம்!"

அவள் கையைப் பிசைந்தாள். "ஆளைத் தூக்க எனக்கு அதிகாரம் இல்லையே மாமா!"

கடைக்குள்ளிருந்து அத்தை வந்தாள். "எனக்கு இருக்கு. இறங்குங்க."

மாமா சட்டென்று இறங்கினார். ஒரு முனையை அவரும் மறுமுனையை மருமகளும் பிடிக்க, மேசை இடித்துப் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தது. வண்டி காலியாகத் திரும்பியது.