பூட்டிய பிள்ளைமடுவம்

கட்டபெட்டுக்கு மேலே அந்த எஸ்டேட்டில் விடியும் முன்பே கத்தரிச் சத்தம் தொடங்கிவிடும். உறைபனி செடிகள்மேல் வெள்ளையாய்ப் படிந்திருக்க, பெண்கள் இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு தேயிலை நிரைகளுக்குள் இறங்குவார்கள். விரல் மரத்துப்போகும். மரத்த விரலால்தான் கொழுந்தை வெட்டவேண்டும்.

அன்னக்கிளிக்கு அதற்கு முன் இன்னொரு வேலை உண்டு. இரண்டு வயது மகள் யாழினியை நிரை முனையில் உட்காரவைத்து, பழைய சேலையால் சில்வர் ஓக் மரத்தோடு கட்டுவாள். சின்னப் பிள்ளை வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள். அவிழ்த்துவிட்டால் பிள்ளை பள்ளத்தில் உருளும். வீட்டில் விடலாமென்றால் ஆள் வேண்டுமே. திருப்பூர் போன புருஷன் போனவன்தான்.

பிள்ளைகளை விட இடமில்லையா? பேஷாக இருக்கிறது. குழந்தைப் பாதுகாப்புக்கென்று அரசு நிதி வந்து, ஃபேக்டரி பக்கத்தில் புதுக் காப்பகமே எழும்பிவிட்டது. சிலோனிலிருந்து வந்தவர்கள் பேச்சில் பிள்ளைமடுவம். சுவரெல்லாம் முயல் படம். ரிப்பன் வெட்டிப் போட்டோவும் பிடித்தார்கள். ஆயா மட்டும் இல்லை. எஸ்டேட்தான் போடவேண்டும் என்றது அரசு. அரசுதான் போடவேண்டும் என்றது எஸ்டேட். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகள் இரண்டு பேர். சாவி மேனேஜரிடம் இருந்தது, முயல்களுக்கு நடுவே உரமூட்டை கிடந்தது.

அன்று மூடுபனி. மருந்தடிக்கும் நாளில் கொழுந்து வெட்டுகிறவர்களை வேறு தேயிலைக் காட்டுக்கு மாற்றுவது வழக்கம். "இலை பத்தலை, ரெண்டும் நடக்கட்டும்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மருந்தடிக்கும் வேலாமணி முகத்தில் துண்டைக் கட்டி, முதுகில் மருந்து டேங்கோடு நிரை முனையில் திரும்பினான். பனிக்குள் மரம் தெரிந்தது, மரத்தடி தெரியவில்லை. கட்டாத பிள்ளையாக இருந்தால் எழுந்து ஓடியிருக்கும். யாழினியால் ஓட முடியவில்லை; மருந்து நேராக முகத்தில் அடித்தது.

கோத்தகிரிக்கும் அங்கிருந்து கோவைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் தங்கியது. வலது கண் போய்விட்டது.

கண்ணில் கட்டோடு குழந்தை திரும்பிய மறுநாள் காலை, ஆள் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு அரசு ஜீப் வந்தது. மருந்தைப் பற்றிக் கேட்க அல்ல. தாய் குழந்தையைக் கட்டிப்போட்டுக் கொடுமை செய்தாள் என்று மேனேஜர் புகார் கொடுத்திருந்தார். அந்த மனிதருக்கு எப்படித்தான் மனசு வந்ததோ!

"கட்டிப்போடறது குற்றம்மா," என்றார் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரியான பெண். "விசாரணை முடியற வரைக்கும் பாப்பா கோயம்புத்தூர் ஹோம்ல இருக்கட்டும்."

"ஐயோ, வேண்டாமுங்க! ராத்திரி என்னைத் தடவிப் பார்த்துட்டுத்தான் தூங்குறாளுங்க."

"எத்தனை தடவை எச்சரிச்சேன் மேடம்," என்றார் மேனேஜர். "இதுகளுக்குப் புத்தியே வராது."

"எச்சரிச்சீங்களா?" கூடக் கொழுந்து வெட்டும் நசீரா இடுப்பில் மகனோடு முன்னால் வந்தாள். "புள்ளையக் கட்டிப்போட்டுட்டு வெட்டுங்கன்னு சொன்னது ஆருங்க?"

"நீ வேலையப் பாரு."

"மடுவத்துச் சாவியக் குடுங்க, பாக்குறேன்."

"அதுக்கு மேல இருந்து ஆர்டர் வரணும்."

வேலாமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "மருந்தடிச்சது நானுங்க மேடம். ஆளுக இருக்கறப்பவே அடின்னு சொன்னது இவருங்க."

"நாளைல இருந்து உனக்கு வேலை கிடையாது!"

"செரிங்க. அதையும் கேட்டுக்குங்க மேடம்."

அதிகாரி அன்னக்கிளியை நெருங்கினார். "எனக்கு வந்த உத்தரவு இந்த ஒரு குழந்தைக்குத்தான்" என்று கையை நீட்டினார். யாழினி தாயின் கழுத்தை இறுக்கிக்கொண்டு வீறிட்டாள்.

நசீரா மகன் சஃப்வானை ஜீப்பின் முன்னால் இறக்கிவிட்டாள். "இவனையும் கட்டித்தானுங்க போட்டேன். ஏத்துங்க."

காயத்ரி தன் மகளை அவன் பக்கத்தில் விட்டாள். பிறகு ஒருத்தி, அப்புறம் இன்னொருத்தி. களம் முழுக்கப் பிள்ளைகள். சில அழுதன; ஒன்று ஜீப் சக்கரத்தைத் தட்டிச் சிரித்தது.

"ஒரு ஜீப்பு பத்தாதுங்க மேடம்," என்றாள் நசீரா. "பஸ்ஸு கொண்டாங்க. இல்லாட்டி அந்த மடுவத்துக் கதவத் தொறக்கச் சொல்லுங்க."

டிரைவர் என்ஜினை அணைத்தான். வேலைச் சங்கு ஊதியும் யாரும் நகரவில்லை. பிள்ளைகளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். வேலாமணியும் ஓரமாக உட்கார்ந்தான்.

"போலீஸைக் கூப்பிடுவேன்," என்றார் மேனேஜர்.

அன்னக்கிளி மகளை மடியில் இருத்தி, காற்றுப் படாமல் அந்தக் கண் கட்டின்மேல் முந்தானையைப் போர்த்தினாள்.

"கூப்பிடுங்க," என்றாள். "நாங்க இங்கதான் இருப்போம்."