கீரைச் சிவப்பு

கிணற்றடியில் குழந்தையின் துணியை அலசியபோது தண்ணீரில் சிவப்பு இறங்கியது. நேற்றும் இறங்கியிருந்தது. பூங்காவனம் கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்தபின் காஜா பேராங் ஊர் வீடுகளில் மரவள்ளியும் சிவப்புக் கீரையும்தான் சாப்பாடு. பிள்ளைகளின் துணி சிவந்தால் யாரும் பதறுவதில்லை.

"கீரைதான், வேறென்ன," என்றாள் பக்கத்து வீட்டுச் சாரதாம்பாள். "ஆளாளுக்கு வயித்துக்குள்ள சாயப்பட்டறையில்ல வச்சிருக்கோம். கொஞ்சம் விளக்கெண்ணெய் ஊத்து, கழிஞ்சிடும்."

 பூங்காவனம் கொல்லையைப் பார்த்தாள். மழையில் கீரைப்பாத்தி அழுகி நான்கு நாளாயிற்று. கீரையே வேகாத வீட்டில் கீரைச் சிவப்பு எங்கிருந்து வரும்?

உள்ளே இரண்டு வயது மல்லிகா முழங்காலை வயிற்றோடு மடக்கிக் கிடந்தாள். உடம்பு கொதித்தது. வயிற்றைத் தொட்டதும் முனகி அழுதாள். கண்ணில் நீர் இல்லை. பூங்காவனம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

"மழை விடட்டும்," என்றான் கணவன் தம்பிராஜா. "ஆஸ்பத்திரில மருந்தா குவிச்சு வச்சிருக்கான்? வழியில துப்பாக்கியோட ஜப்பான் சென்ட்ரி வேற நிப்பான். குனிஞ்சு வணங்காம விடமாட்டான்."

"நிக்கட்டும். குனிஞ்சிட்டுப் போறேன்."

அலசாத துணி ஒன்றை வாழையிலையில் சுருட்டிக்கொண்டாள். சென்ட்ரியின் முன் குழந்தையோடு குனிந்தாள். அவன் தலையசைக்கும்வரை மழை முதுகில் கொட்டியது. நிமிர்ந்து நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் தேவதாஸ் இலையைப் பிரித்துத் துணியைப் பார்த்துவிட்டு, குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாரும் அலசிட்டு வந்து கீரைங்கிறாங்க. நீதாம்மா துணியக் கொண்டாந்திருக்க. குடல் புண்ணாகி வீங்கியிருக்கு. சளியோட ரத்தம், காய்ச்சல், வயித்துவலி, கண்ணீர் வராத அழுகை. இதுல ஒண்ணு தெரிஞ்சாலே தூக்கிட்டு வந்திடணும். எண்ணெய் குடுத்தியா?"

"இல்லங்க."

"நல்லவேளை. குடுத்திருந்தா உடம்புல இருக்கிற தண்ணியும் வத்தியிருக்கும். இருக்கிற மருந்தத் தர்றேன். கொதிச்சு ஆறின தண்ணி, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி. கரண்டி கரண்டியா, நிறுத்தாம குடு."

வீட்டில் கஞ்சிக்கு அரிசி ஏது? கேட்காமலேயே சாரதாம்பாள் முந்தானையில் ஒரு பிடி முடிந்து வந்தாள். பூங்காவனம் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கக்கினால் சற்றுப் பொறுத்து மறுபடி ஊட்டினாள்.

ஆறாம் நாள் மல்லிகா அடம்பிடித்து அழுதாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்க மனமில்லாமல் பூங்காவனம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இனிமே கீரைய வாசப்படி ஏத்த மாட்டே," என்று சிரித்தாள் சாரதாம்பாள்.

"கீரை என்னக்கா பண்ணுச்சு? சமைப்பேன். ஆனா புள்ள துணியப் பாக்காம அலச மாட்டேன். நீயும் பாக்காம அலசாத. ரத்தத்துக்குக் கீரைன்னு பேரு வச்சா, ரத்தம் நின்னுடுமா?"